புளூட்டோவைத் தள்ளிய மூன்றாவது நிபந்தனை பூமிக்கும் பொருந்தாதே?

கிளிஞ்சல்:

எது கோள் என்பதற்குப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006-ல் வகுத்த மூன்று நிபந்தனைகளை நேற்று நிதானமாக உட்கார்ந்து படித்தேன். சூரியனைச் சுற்ற வேண்டும். சொந்த ஈர்ப்பாலேயே கிட்டத்தட்ட உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும். தன் பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும்.

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். வியாழனின் பாதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரோஜன் சிறுகோள்கள் கூடவே சுற்றுகின்றன. பூமிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கல் கடந்து போனதாக அடிக்கடி செய்தி வருகிறது. இதெல்லாம் துப்புரவா? நெப்டியூனின் பாதைக்குள் புளூட்டோவே 1979-லிருந்து 1999 வரை நுழைந்து இருந்துவிட்டுப் போயிருக்கிறது. அப்படியானால் நெப்டியூனும் தேறக் கூடாதுதானே? புளூட்டோவை வெளியே அனுப்புவதென்று முதலில் முடிவெடுத்துவிட்டு, அதற்குத் தோதாக ஒரு வரியைச் சேர்த்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. பள்ளியில் ஒன்பது கோள் படித்தவன் நான். கொஞ்சம் கோபம் இருக்கிறது, மறைப்பானேன்.

இரவுக்கண்:

‘துப்புரவு’ என்ற சொல்தான் இத்தனை வம்புக்கும் காரணம். அதைக் கேட்டதும் துடைப்பத்தால் பெருக்கிவிட்ட தரை நினைவுக்கு வருகிறது. அவர்கள் கேட்பது அதுவல்ல. அந்த வட்டாரத்தில் யார் சொல்வது நடக்கிறது என்பதே கேள்வி.

நீங்கள் சொன்ன ட்ரோஜன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை வியாழனுக்கு 60 பாகை முன்னும் பின்னுமாக இரண்டு கூட்டமாகப் போகின்றன. அங்கே அவற்றைப் பிடித்து வைத்திருப்பதே வியாழனும் சூரியனும் சேர்ந்த ஈர்ப்புதான். புளூட்டோ கதையும் அப்படித்தான். நெப்டியூன் மூன்று சுற்று முடிப்பதற்குள் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. அந்தத் தாளத்தில் கட்டுண்டிருப்பதால், புளூட்டோ உள்ளே வரும்போதெல்லாம் நெப்டியூன் வேறெங்கோ இருக்கும். வேடிக்கை என்னவென்றால், புளூட்டோ நெப்டியூனை நெருங்குவதைவிட யுரேனஸைத்தான் அதிகம் நெருங்குகிறது! தாளம் போடுவது நெப்டியூன், ஆடுவது புளூட்டோ.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஸ்டீவன் சோட்டர் என்ற வானியலாளர் 2006-ல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு கோளின் நிறையை, அதே வட்டாரத்தில் திரியும் மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையால் வகுக்க வேண்டும். பூமிக்கு ஏறக்குறைய 17 லட்சம் வந்தது. எட்டுக் கோள்களில் கடைசி இடம் செவ்வாய்க்கு, அதற்கே சுமார் 5,100. அடுத்து யார் தெரியுமா? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சீரிஸ், 0.33. புளூட்டோ 0.07. ஐயாயிரத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு ஆளும் இல்லை. கோட்டை எங்கே போடுவது என்று யாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை; அது ஏற்கெனவே அங்கே கிடக்கிறது.

2006-ல் எனக்கும் உங்கள் கோபம் இருந்தது. அதைத் தணித்தது சீரிஸ்தான். ஒருமுறை சாதாரணப் பைனாகுலரில் அதைத் தேடிப் பிடித்தேன். பிடித்தேன் என்று அப்போது தெரியாது. ஒரு தாளில் பார்வை வட்டத்தை வரைந்து, தெரிந்த பதினோரு புள்ளிகளைக் குறித்துவைத்தேன். அடுத்த இரவு மேகம். மூன்றாம் இரவு பத்துப் புள்ளிகள் அப்படியே இருக்க, ஓரத்திலிருந்த ஒன்று மட்டும் தாளில் ஒரு நக அகலம் தள்ளியிருந்தது. கை நடுங்கியதில் தப்பாக வரைந்துவிட்டேனோ என்று நான்காம் இரவும் பார்த்தேன். இன்னும் தள்ளிப் போயிருந்தது.

1801 ஜனவரி 1-லிருந்து இத்தாலியின் பலெர்மோவில் ஜூசெப்பே பியாட்சி பார்த்ததும் இதே நகர்வைத்தான். நட்சத்திரப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். சீரிஸைக் கோள் என்றே சேர்த்துக்கொண்டார்கள். 1802-ல் பல்லாஸ், 1804-ல் ஜூனோ, 1807-ல் வெஸ்டா. சூரியக் குடும்பத்துக்குப் பதினோரு கோள்கள் என்று புத்தகங்களில் அச்சாகிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1845-க்குப் பிறகு வரிசையாக இன்னும் பல அகப்படவே, இது கோள் அல்ல, ஒரு கூட்டம் என்று புரிந்து, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சீரிஸுக்காக இன்று யாரும் கண்ணீர் விடுவதில்லை.

புளூட்டோவுக்கும் அதேதான் நடந்தது. 1930-ல் தனி ஆளாகத் தெரிந்தது. 1992 முதல் அந்தப் பக்கத்தில் மற்றவை அகப்படத் தொடங்கின. 2005-ல் ஏரிஸ் வந்தது. அது புளூட்டோவைவிட 27 சதவீதம் கனம். ஒன்று ஏரிஸைப் பத்தாவது கோளாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் புளூட்டோவை எடுக்க வேண்டும்.

பழைய அட்லஸ்:

இரவுக்கண் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் அது கோளைப் பற்றிய கணக்கா, அது குடியிருக்கும் இடத்தைப் பற்றிய கணக்கா? புதனைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளூட்டோ இருக்கும் தூரத்தில் வையுங்கள். அதே பாறை, அதே இரும்பு மையம். ஆனால் அங்கே மெதுவாகச் சுற்றிக்கொண்டு அவ்வளவு பெரிய பரப்பைத் தன் பிடிக்குள் கொண்டுவர அதன் நிறை போதாது. உடனே பதவி போய்விடும். புளூட்டோவுக்கு விண்கலம் அனுப்பிய நியூ ஹொரைசன்ஸ் திட்டத்தை நடத்திய ஆலன் ஸ்டெர்ன் போன்றவர்கள் இன்றுவரை முணுமுணுப்பது இதற்குத்தான். 2015-ல் அந்த விண்கலம் அனுப்பிய படங்களில் புளூட்டோவில் நைட்ரஜன் பனிச் சமவெளியும், நீர்ப்பனியாலான மலைகளும் இருந்தன. நிலவியல் படிக்கிறவருக்கு அது கோள்தான்.

இன்னொன்று, அந்த வரையறை ‘சூரியனை’ என்றுதான் சொல்கிறது. வேறு விண்மீன்களைச் சுற்றும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களைப் பற்றி அது பேசவே இல்லை.

இந்த வரையறையை முடிவுசெய்த பிராக் மாநாட்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். கடைசி நாளில் மஞ்சள் அட்டையைத் தூக்கி வாக்களித்தவர்கள் 424 பேர்.

இரவுக்கண்:

இடத்தைப் பற்றிய கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணைக்கோளும் இடத்தைப் பற்றிய பெயர்தானே? கனிமீட் புதனைவிடப் பெரியது. வியாழனைச் சுற்றுவதால் மட்டுமே துணைக்கோள். அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. உருண்டையாக இருந்தாலே கோள் என்றால் நம் நிலாவையும் சேர்க்க வேண்டிவரும்.

மற்ற விண்மீன்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது ஓட்டைதான். 2015-ல் ஜான்-லுக் மார்கோ என்ற வானியலாளர் ஒரு வழி சொன்னார். விண்மீனின் நிறை, கோளின் நிறை, சுற்றும் காலம், இந்த மூன்றும் தெரிந்தால் போதும், அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்குமா என்று கணக்கிட்டுவிடலாம். ஒன்றியம் வரையறையை இன்னும் திருத்தவில்லை.

கிளிஞ்சல்:

அந்த 5,100-க்கும் 0.33-க்கும் நடுவிலுள்ள வெற்றிடம் என் வாயை அடைத்துவிட்டது. வரியை வேண்டுமென்றே சேர்த்தார்கள் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ‘துப்புரவு’ என்று பெயர் வைத்தவர் மேலுள்ள கோபம் அப்படியே இருக்கிறது. சரி, என்னிடம் 10x50 பைனாகுலர் ஒன்று தூங்குகிறது. சீரிஸ் அதில் தெரியுமா?

இரவுக்கண்:

தெரியும், ஆனால் எப்போதும் அல்ல. வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் அது வரும் வாரங்களில் பாருங்கள், சுமார் 15 மாதத்துக்கு ஒருமுறை அமையும். நிலா இல்லாத இரவாக இருக்கட்டும். முதல் இரவே எது சீரிஸ் என்று தேடாதீர்கள், எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரி இருக்கும். பேசாமல் வரைந்து வைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வாருங்கள்.