பக்கவாதத்துக்கு அப்புறம் வீட்டுக் கவனிப்பு: உங்க அனுபவம் சொல்லுங்க

மேலூர் மருமகள்:
மாமாவுக்கு வலது பக்கம் விழுந்துருச்சு. பேச்சு வராது, ஆனா நாம பேசுறது அத்தனையும் புரியும். கவனிச்சுக்க ஆள் அனுப்புற ஏஜென்சியில இருந்து மாசாமாசம் போன் வரும், ‘திருப்தியா, அஞ்சுக்கு எத்தனை மார்க்’னு. போன தடவை ஸ்பீக்கர்ல போட்டு அத்தை ‘அஞ்சு’ன்னாங்க. மாமா இடது கையால கட்டில் கம்பியத் தட்டுறாரு. திரும்பினா ரெண்டு விரலைக் காட்டுறாரு! ‘தண்ணி கேக்குறாரு’ன்னு அத்தை எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் ஒவ்வொண்ணாக் கேட்டேன். குளிப்பாட்டுறதா? இல்ல. டயப்பரா? இல்ல. சாப்பாடான்னதும் தலைய ஆட்டி அழுதுட்டாரு. மறுநாள் கதவோரம் நின்னு பார்த்தேன். அந்தப் பையன் ஒரு கையில போன், ஒரு கையில ஸ்பூன். மொத வாய் தொண்டையில இறங்குறதுக்குள்ள அடுத்த வாய். இத்தனை மாசமா மாமாவை ஒருத்தரும் கேக்கவே இல்ல. மனசு ஆற மாட்டேங்குது.

நெல்லை கணேசன்:
எங்க அம்மாவுக்கு இடது பக்கம். மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ பிள்ளை ஒண்ணு வந்துச்சு. எப்ப நடப்பாங்கன்னு நாங்க எல்லாரும் மாத்தி மாத்திக் கேக்கோம். அது எங்களக் கண்டுக்கவே இல்ல. அம்மா பக்கத்துல உக்காந்து, ‘ஆச்சி, ஒங்களுக்கு மொதல்ல என்ன செய்யணும்?’னு கேட்டுச்சு. அம்மா நாக்கு குழற, ‘வெளிக்கு நானாப் போணும்’ன்னா. வீடே கப்சிப். கட்டிலோரம் கமோடு சேர் போட்டு, வலது கை எட்டுற உயரத்துல செவுத்துல கம்பி அடிச்சோம். அப்புறம் எந்திரிச்சு, திரும்பி, உக்கார மட்டுந்தான் பயிற்சி. இன்னும் வாசல் வரை நடக்கல. ஆனா அம்மா மொகத்துல பழைய தெளிச்சி வந்துட்டு.

சாந்தி:
மேலூர் அக்கா, அந்தத் தம்பி செஞ்சது தப்புதான். ஆனா நானும் அதே வேலை பாக்குறவ. 12 மணி நேர டூட்டி, தூக்க, திருப்ப, துடைக்க எல்லாத்துக்கும் ஒத்த ஆளு. நீங்க கட்டுற காசு முழுசா எங்க கைக்கு வராது. ஊட்டுறது எப்படின்னு எங்களுக்கு யாரு சொல்லித் தர்றா? ஒரு ஐயாவுக்குப் புரையேறி உதடு நீலம் பாரிச்சதைப் பார்த்தவ நான். அன்னைக்கு வந்த நர்ஸம்மா சொல்லித்தான் பாதி விஷயம் தெரிஞ்சுது.

ஓய்வுபெற்ற செவிலி:
சாந்தி சொன்னதால எழுதுறேன். படுத்த வாக்குல ஊட்டவே கூடாது. நிமிர்ந்து உக்கார வச்சு, நல்லா இருக்குற பக்கத்து வாயில, சின்னச் சின்ன வாயா. செயலிழந்த பக்கத்துக் கன்னத்துல சோறு தங்கும், பாத்து எடுங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க. முழுங்கச் சிரமப்படுறவங்களுக்குக் கூழை விடத் தண்ணிதான் சீக்கிரம் புரையேறும். படுத்தே இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க. விழுந்த கையப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க. சொந்தக்காரங்க இழுத்ததுல எங்க அக்காவுக்குத் தோள்மூட்டு இறங்கி, கடைசி வரை வலிதான். இன்னொண்ணு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம்னு சான்று கிடைச்சா மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிடுங்க. 75 சதவீதமும் அதுக்கு மேலயும்னா மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு குடுக்கலாம்.

ஒத்தைக் கை:
நான் பக்கவாதம் வந்தவன். இடது கையால தட்டுறேன். அந்தச் சான்று வாங்கப் போனப்போ நடந்தது. டாக்டர் என் மனைவியப் பார்த்து, ‘சட்டைய இவரே போட்டுக்குவாரா?’ன்னாரு. நான் முன்னாடியே வீல்சேர்ல இருக்கேன். எனக்கு வார்த்தை வர நேரமாகும், ஆனா வரும். அதுக்குள்ள அவ ‘போட்டுக்குவாரு’ன்னுட்டா, அவரும் எழுதிட்டாரு. அடுத்த டோக்கன் கூப்பிட்டாச்சு. சட்டை போட்டுக்குவேன், பட்டன் மாட்ட முடியாது. இதச் சொல்லத்தான் வாயத் திறந்தேன்.