வஞ்சிரமா, வாஹூவா? பார்த்துச் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, நேற்று தூத்துக்குடிக்கு வெளியே ஆழத்தில் படகை ஓட்டியபடியே தூண்டில் இழுத்ததில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமாக ஒரு மீன் மாட்டியது. மேலே ஏற்றும்போது உடம்பில் நீலப் பட்டைகள் பளிச்சென்று இருந்தன, கரை சேர்வதற்குள் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது, அதனால் படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். கரையில் எல்லோரும் வஞ்சிரம் என்றே சொன்னார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை, வஞ்சிரத்தின் உறவு மீனான வாஹூ என்றுதான் நினைக்கிறேன். கோடு போட்ட வஞ்சிரத்துக்குப் பக்கக்கோடு (உடம்பின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை ஓடும் கோடு) இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்கு அடியில்தான் சட்டென்று கீழே இறங்கும், இதற்கு முதல் துடுப்பின் நடுப்பகுதிக்குக் கீழேயே இறங்கிவிட்டது. வாயும் அலகு போல நீண்டிருந்தது. முதல் துடுப்பின் முட்களை விரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எண்ணினேன், 25 வந்தது. வஞ்சிரத்துக்கு 18-ஐத் தாண்டாது. புள்ளி வஞ்சிரமும் இல்லை, அதற்கு வட்டப் புள்ளிகள்தான், பட்டை கிடையாது.

தலையை இன்னும் ஐஸில் வைத்திருக்கிறேன். வாஹூ என்றால் செவுள் வளைவின் உள்பக்கம் முள் போன்ற நீட்சிகள் இருக்காதாம். சரி, செவுளைக் கிழிக்காமல் அதை எப்படிப் பார்ப்பது? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அப்புறம், உங்கள் ஊரில் வாஹூவுக்கு என்ன பெயர்?