சுவர் விழுந்த அந்த ஒரே காட்சி

சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு, பத்து வயதான என் மகனுடன் அமர்ந்து அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தைப் பார்த்தேன். 1928இல் வந்த ஊமைப்படம் என்றதுமே அவன் முகம் வாடிவிட்டது. பொறுமையின்றி நெளிந்துகொண்டிருந்தவன், புயல் வீசத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒரு மாடி வீட்டின் முன்சுவர் முழுவதுமாகப் பிரிந்து, தெருவில் நிற்கும் கீட்டனின் மேல் சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து அமர்வதால், சுற்றிலும் புழுதி கிளம்ப, அவர் மட்டும் நின்றது நின்றபடியே நிற்கிறார். என் மகன் சிரிக்கவில்லை. “அப்பா, இது கிராபிக்ஸா?” என்று கேட்டான்.

விழுந்தது உண்மையிலேயே கனத்த சுவர் என்றும், சன்னல் சட்டத்துக்கும் அவர் உடலுக்கும் இடையே சில அங்குலங்களே விடப்பட்டிருந்தன என்றும் சொன்னபோது, ரிமோட்டை வாங்கி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். நான்காம் முறை, “கேமரா அசையவே இல்லையே” என்றான். அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. வீடும் தெருவும் மனிதனும் ஒரே சட்டகத்துக்குள் தலைமுதல் கால்வரை தெரிய, இடையில் எந்த வெட்டும் இல்லாமல் சுவர் விழுவதால்தான், எதையும் கணினியில் செய்துவிடலாம் என்று அறிந்து வளர்ந்த ஒரு குழந்தையும் அதை நம்பி மூச்சை அடக்கிக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றியது.

சிறுவயதில் நான் இத்தகைய படங்களை மிகைவேகத்தில்தான் பார்த்திருந்தேன். நொடிக்கு 24 சட்டகங்களுக்கும் (படச்சுருளில் உள்ள தனித்தனிப் படங்கள்) குறைவான வேகத்தில் கேமராவைக் கையால் சுழற்றி எடுத்த படத்தை 24இல் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகளைப் போலத் துள்ளுவார்கள். உடலின் நுட்பம் அத்தனையும் அதில் தொலைந்துவிடும். எனவே சரியான வேகத்துக்கு மீட்டெடுக்கப்பட்ட பிரதிகளையே தேடிப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.

“அவர் ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறார்?” என்று மகன் கேட்டான். பெற்றோருடன் மேடையேறிய சிறுவயதிலேயே, தாம் சிரிக்காதபோதுதான் பார்வையாளர்கள் அதிகம் சிரிக்கிறார்கள் என்று அவர் கண்டுகொண்டதைச் சொன்னேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அவன் தன் அறைச் சன்னலோரம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்று, தோளுக்கும் சட்டத்துக்கும் இடையே அடிக்கோலை வைத்து அளந்துகொண்டிருந்தான்.