சைக்ஸ் என்கிற குடும்பப் பெயர்: ஒரே தகப்பன் வழியா, ஓடைக்கு ஓடை தனித்தனியா?

தூறல்:
வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் இரண்டு சைக்ஸ் இருக்கிறார்கள், ஒருவர் கணக்குப் பிரிவு, இன்னொருவர் கிடங்கு. சொந்தமா என்று கேட்டால் இரண்டு பேருமே சிரிக்கிறார்கள். இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவதொரு சைக்ஸ் தலையில்தான் விழுமாம்.

'சைக்' என்றால் இந்தப் பக்கத்து வழக்கில் சிற்றோடை. போன சனிக்கிழமை மார்ஸ்டன் மேட்டில் நடக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். ஓர் எட்டில் தாண்டிவிடலாம். கோரைக்கு அடியில் சலசலப்பு கேட்கிறது, தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. விலக்கிப் பார்த்தால் ஆறிப்போன டிகாஷன் நிறத்தில் ஓடுகிறது. இந்த மாதிரி ஓடை மலை முழுக்க இருக்கிறது. அப்படியானால் ஓடையோரம் குடியிருந்தவன் எல்லாம் சைக்ஸ் ஆகியிருப்பானா, இல்லை எல்லோரும் ஒரே ஆளின் வாரிசுகளா?

நுண்ணாடி:
இதற்கு 2000லேயே விடை வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபர்டு மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே சோதனைக்கு எடுத்தார். ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் பெரும்பாலும் அப்படித்தான். யாரையும் குறிப்பாகத் தேர்ந்தெடுக்காமல் சைக்ஸ் பெயருள்ள ஆண்களுக்குக் கடிதம் போட்டு, 48 பேரின் மாதிரிகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை. அதே வட்டாரத்தில் வேறு பெயர் உள்ளவர்களிடம் தேடினால் அந்த வகை ஒருவரிடம்கூட இல்லை. பலர் தனித்தனியாக இந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தால் இது எப்படி வரும்? மூலவர் ஒருவர்தான்.

ஏட்டுப்பூச்சி:
பாதிப் பேருக்கு ஒத்துப்போனதைச் சொன்னீர்கள், சரி. மீதிப் பாதி?

இடத்தை வைத்து வந்த பெயர் இது. பழைய ஆவணங்களில் 'ஓடையோரத்து இன்னார்' என்றுதான் எழுதுவார்கள், அந்த 'ஓரத்து' தேய்ந்துபோய் ஓடை மட்டும் பெயராக நின்றுவிட்டது. சொல்லே பழைய ஆங்கிலத்திலும் இருக்கிறது, வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியிலும் இருக்கிறது. அதனால் வடக்கே எங்கும் புழங்கியது. அத்தனை ஓடைக்கரையிலும் ஒரே ஒருவன்தான் குடியிருந்தானா?

பெயர் பெற்ற ஒரு சைக்ஸ் குடும்பத்தையே எடுங்கள். பிரிட்டனும் பிரான்சும் மேற்காசியாவை ரகசியமாகப் பங்குபோட்ட 1916 சைக்ஸ்-பிகோ ஒப்பந்தத்தில் வரும் மார்க் சைக்ஸ், கிழக்கு யார்க்‌ஷயரில் ஸ்லெட்மியர் மாளிகைக்காரர். அவர்கள் குடும்ப வரலாறு தங்கள் முன்னோர் ஸ்காட்லாந்து எல்லையோரக் கார்லைல் பக்கத்திலிருந்து லீட்ஸுக்குத் துணி வியாபாரம் செய்ய வந்தவர்கள் என்கிறது. கார்லைல் எங்கே, ஹடர்ஸ்ஃபீல்டு எங்கே!

நுண்ணாடி:
பணக்காரக் குடும்பங்கள் சொல்லும் வம்சக் கதையெல்லாம் சாட்சியா? மீதிப் பாதிக்கும் பிரையன் சைக்ஸின் ஆய்வுக் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. 700 வருடத்தில் அவ்வப்போது பிள்ளைக்கு அப்பன் வேறாக இருந்திருக்கலாம். தலைமுறைக்கு 1.3 சதவீதம் என்று வைத்தாலே போதும் என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெண்களுக்கு நற்சான்றிதழ் கொடுத்த மாதிரிதான்.

ஏட்டுப்பூச்சி:
அந்த 1.3 எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? மூலவர் ஒருவர்தான் என்று முதலில் வைத்துக்கொண்டு, பொருந்தாதவர்களை எல்லாம் அந்தக் கணக்கில் தள்ளினால் வரும் எண் அது. அதையே திருப்பி எடுத்து வந்து மூலவர் ஒருவர் என்பதற்குச் சாட்சியாக வைக்கிறீர்கள். பொருந்தாதவர்களில் சிலர் வேறொரு ஓடைக்காரனின் நேர் வாரிசாக இருக்கலாமே? கட்டுரையும் "அப்படி விளக்கலாம்" என்றுதான் சொல்கிறது, அடித்துச் சொல்லவில்லை.

இன்னொன்று. குரோமோசோமில் அவர்கள் பார்த்தது நான்கே இடங்கள். இப்போது காசு கொடுத்துச் செய்துகொள்ளும் சாதாரணச் சோதனையே இதைவிடப் பல மடங்கு பார்க்கும்.

ஒரே மூலவரைக் காகிதத்தில் காட்ட வேண்டுமென்றால் டைசன் என்கிற பெயரைப் பாருங்கள். யார்க்‌ஷயர் பெயர்களையே வாழ்நாள் வேலையாக ஆராய்ந்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ், அதை ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்து லின்த்வெயிட்டில் 14ஆம் நூற்றாண்டில் இருந்த டையோனிசியா என்ற பெண்ணிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவளைச் செல்லமாக 'டை' என்பார்கள், அவள் மகன் டைசன். ஆளும் ஊரும் கையில் இருக்கின்றன. சைக்ஸுக்கு அப்படி ஒருவனைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பாதிராத்திரி:
அப்பன் வழி, அப்பன் வழி என்று சண்டை போடுகிறீர்கள், உதாரணத்துக்கு வந்தவள் ஒரு அம்மா. ரசித்தேன்.

கால்வாசி:
இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பெயரை முதலில் எத்தனை பேர் வைத்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. அவர்களில் எத்தனை பேருடைய ஆண்வழி இன்றுவரை வந்திருக்கிறது என்பது வேறு.

1300 வாக்கில் பத்து ஓடைக்காரர்கள் இருந்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். ஒருவனுக்கு மூன்றும் பெண். ஒருவன் மகன்களோடு 1348-49 கொள்ளைநோயில் போய்விட்டான். ஒருவனின் மகனை ஊரார் வேறு பெயரில் கூப்பிட்டார்கள், வடக்கில் குடும்பப் பெயர் அப்போது கெட்டிப்படவே இல்லை. இப்படியே இருபத்துச் சொச்சம் தலைமுறை தள்ளிப் பாருங்கள். எட்டு வழி, ஒன்பது வழி தானாகவே அற்றுப்போகும், ஒன்று மட்டும் ஆலமரமாகப் படரும். பிறகு வந்து சோதித்தால் பாதிப் பேருக்கு ஒரே வகை என்றுதான் வரும். இன்றைய சைக்ஸ்களில் பெரும்பங்கு ஒருவனின் வழி என்பதற்கு ஆய்வு சாட்சி. அந்தக் காலத்தில் வேறு சைக்ஸே கிடையாது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

2009இல் டுரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 குடும்பப் பெயர்களில் 1,678 ஆண்களைப் பார்த்தார்கள். கொல்லர் தொழிலிலிருந்து வந்த ஸ்மித் பெயரில் ஒற்றுமையே இல்லை, ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தானே. அட்டன்பரோ மாதிரி அரிதான பெயரில் பெரும்பாலோருக்கு ஒரே வகை. சைக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில்.

நுண்ணாடி:
ஆலமரத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதி ஒன்பது பேர் இருந்தார்கள் என்பது உங்கள் பேச்சுக்கு வைத்தது, என் நான்கு இடங்கள் எண்ணிப் பார்த்தது. ஒரு மாதிரியும் இல்லாத ஒன்பது பேரை விட நான்கு இடம் மேல்.

ஏட்டுப்பூச்சி:
ஆள் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய 1379 தலைவரிப் பட்டியல், ஹடர்ஸ்ஃபீல்டு அடங்கிய மேற்கு யார்க்ஷயர்ப் பகுதியான வெஸ்ட் ரைடிங்குக்கு ஊர் ஊராகக் கிடைக்கிறது. எண்ணிப் பார்க்க ஆசை என்றால் அங்கேயும் எண்ணலாம்.

பாதிராத்திரி:
நடுவில் ஒரு பெட்டிக்கடை. யார்க்‌ஷயரின் ஓர் அரிய குடும்பப் பெயர்க்காரர் ஒருவருக்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் தென்படுகிற ஒய் வகை இருந்ததாக 2007இல் ஒரு கட்டுரை வந்தது. பார்க்க வழக்கமான வெள்ளைக்கார யார்க்‌ஷயர் ஆள்தான். அதே பெயருள்ள 18 பேரைச் சோதித்ததில் 7 பேருக்கு அது இருந்தது. எந்த ஆப்பிரிக்கர் எப்போது வந்து சேர்ந்தாரோ, பெயர் மட்டும் சுத்த யார்க்‌ஷயர். பெயரை வைத்து ரத்தம் பேசுகிறவர்களுக்காக இதை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன்.

தூறல்:
திரியை மொழிபெயர்த்து இரண்டு சைக்ஸ்களுக்கும் மதியச் சாப்பாட்டில் சொன்னேன். கிடங்குக்காரர் சோதனைக்கு உடனே தயார், பாதிச் செலவு என்னுடையதாம். கணக்குக்காரர் கடைசிவரை ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். 1.3 சதவீதம் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயதாகிறதாம், இப்போது எதற்கு இந்தக் கேள்வியெல்லாம் என்கிறார்.