தவில் வகுப்புக்கு டீச்சா, ட்ரெயினா?

கொள்ளிடக்கரை:
அப்பா தவில் வித்வான், திருவிடைமருதூர் பக்கம் வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு உதவித்தொகைக்கு அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி கேட்கிறார்கள். 'ஹி டீச்சஸ் தவில் ஃபார் சில்ட்ரன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். தங்கை 'ட்ரெயின்ஸ் தவில்' என்று போடச் சொல்கிறாள். எது சரி? கோச் என்றும் ஒன்று இருக்கிறதே, அது பொருந்துமா? அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, ஏனோதானோவென்று எழுதி அனுப்ப மனசு வரவில்லை.

மன்னார்குடி டீச்சர்:
தம்பி, முதலில் அந்த 'ஃபார்' வேண்டாம். 'பிள்ளைகளுக்கு' என்று சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்திலும் அது தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்துவதே இதைத்தான். 'ஹி டீச்சஸ் சில்ட்ரன் தவில்' அல்லது 'ஹி டீச்சஸ் தவில் டு சில்ட்ரன்', இரண்டும் சரி. டீச்சுக்கு ஆளும் செயப்படுபொருளாக வரும், பாடமும் வரும். ட்ரெயின் அப்படியில்லை, அதற்கு ஆள்தான் வர வேண்டும்: 'ஹி ட்ரெயின்ஸ் சில்ட்ரன் இன் தவில்'. தங்கை சொல்வதுபோல் எழுதினால் தவிலுக்கே பயிற்சி கொடுக்கிறார் என்று ஆகிவிடும். இறந்தகாலம் 'டாட்', 'டீச்ட்' என்று ஒன்று கிடையாது. கோச் என்பது போட்டி, பரீட்சை என்று ஒன்றைக் குறிவைத்துத் தயார் செய்வது, இங்கே வேண்டாம்.

கொடிக்கால்:
ஆங்கில வேளாண்மைப் புத்தகங்களில் ட்ரெயினைக் கொடிக்கும் போடுவார்கள். எங்கள் ராஜகிரிப் பக்கம் அகத்தியை முன்னமே வளர்த்து வைத்து, வெற்றிலைக் கொடி எழும்ப எழும்ப வாழைநாரால் தளர்வாகக் கட்டி ஏற்றிவிடுகிறோமே, அதற்கு 'ட்ரெயினிங் தி வைன்ஸ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு மூலமே லத்தீனில் இழுப்பது என்ற வினைதான். கொடிக்கு நாம் எதையும் விளக்கிச் சொல்வதில்லை, வளர்கிற போக்கைத்தான் திருப்பிவிடுகிறோம்.

சொற்கட்டு:
அப்படிப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே வேண்டும். தா தி தொம் நம் என்று வாயால் சொல்லி, தாளக் கணக்கைப் புரிய வைக்கிறாரே, அது டீச். வலக்கை விரல்களில் கூட்டை மாட்டிவிட்டு, இடக்கையில் கழியைக் கொடுத்து, மணிக்கட்டு இளகி அடி சுத்தமாக விழும்வரை அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பது ட்ரெயின். ஆனால் ட்ரெயின் மட்டும் போட்டால் ஏதோ மூன்று மாதப் பயிற்சி முகாம் மாதிரி படுகிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. டீச் முதல் வரியில் இருக்கட்டும், ட்ரெயின் அடுத்த வரியில் வரட்டும்.

கொள்ளிடக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அப்படியே எழுதிவிடுகிறேன். இன்னும் ஒன்று டீச்சர், அப்பா தன் குருநாதர் வீட்டிலேயே தங்கிக் கற்றுக்கொண்டவர். அதை எப்படிச் சொல்வது?

மன்னார்குடி டீச்சர்:
'ஹி ட்ரெயின்ட் அண்டர்' என்று போட்டு குருநாதர் பெயரை எழுது தம்பி. இந்த இடத்தில் ட்ரெயின் பயிற்சி பெற்றதைக் குறிக்கும், செயப்படுபொருள் தேவையில்லை. 'லேர்ன்ட் ஃப்ரம்' என்றாலும் இலக்கணப்படி சரிதான், ஆனால் வருஷக்கணக்கில் அவர் கைக்குள் இருந்து பழகியது அதில் வராது.