நள்ளிரவில் மிதந்த பாறை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கடல்மீனுக்கு உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால் மில்லில் கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நாலடித் தொட்டியை ஒருமுறை நிரப்பவே எட்டு கிலோ கரைக்க வேண்டும். இந்தச் செலவோடு, தொட்டியின் பின்பக்கம் அழகுக்கு வைக்கும் பாறைச் சுவரையும் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. நானே செய்தேன்.

சீலிங் விளக்குக்கு அடியில் மாட்டுவார்களே, கட்டம் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, அதை வெட்டி மேலே பியூ ஃபோம் அடித்தேன், டப்பாவிலிருந்து நுரையாக வந்து உப்பி இறுகுமே, அதுதான். பிசுபிசுப்பு போவதற்குள் பவள மணலைத் தூவி அழுத்தினேன். காய்ந்ததும் ரொட்டிக் கத்தியால் செதுக்க, குகையும் திட்டுமாக அழகாக வந்தது. பின்கண்ணாடியில் ஐந்தாறு பொட்டு சிலிக்கான் வைத்து ஒட்டினேன். அங்கேதான் புத்தி போய்விட்டது.

தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாள், இரவு இரண்டு மணிக்கு ‘தடால்’. கூரையில் குரங்கு என்று அம்மா விளக்குமாற்றோடு எழுந்து வந்துவிட்டார். என் பாறையோ விளக்கைத் தள்ளிவிட்டுப் படகு மாதிரி மிதக்கிறது. தரையெல்லாம் உப்புத்தண்ணீர். நல்ல வேளை, மீன் இன்னும் விடவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம், சராசரி இரண்டு அங்குலக் கனம் என்றால் 28 லிட்டர் ஃபோம். அதன் எடை ஒரு கிலோ சொச்சம் இருக்கலாம். அது இடம்பிடித்த தண்ணீரின் எடையோ 28 கிலோவுக்கு மேல். கிட்டத்தட்ட மூன்று பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் பலத்தோடு அது மேலே முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சிலிக்கான் கண்ணாடியைத்தான் கெட்டியாகப் பிடிக்கும், பிளாஸ்டிக்கை அவ்வளவாகப் பிடிக்காது.

இரண்டாம் தடவை தட்டை விட்டுவிட்டேன். தொட்டியைக் காயவைத்து, மல்லாக்கக் கிடத்தி, நேராகக் கண்ணாடியிலேயே ஃபோம் அடித்தேன். மேல் ஓரத்தைத் தொட்டியின் குறுக்குப் பட்டைக்கு அடியில் செருகி, சுற்றிலும் தடியாகச் சிலிக்கான் போட்டேன். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை மருந்து கலந்த சிலிக்கான் வேண்டாம், மீனுக்கு ஆகாது. சிலிக்கானின் காடி வாசம் முழுதாகப் போகும்வரை பொறுத்தேன், இரண்டு வாரம் ஆனது. இப்போது எட்டு மாதம். சுவரில் ஊதாப் பாசி படர ஆரம்பித்துவிட்டது.

*

அண்ணே, நானும் சிப்புட்தான், டவுன் பக்கம். எனக்கு மிதக்கவில்லை, வேறு கூத்து. ஒரே மூச்சில் நாலங்குலம் அடித்துவிட்டேன். இந்த ஃபோம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். வெளியே தோல் கட்டிவிட்டது, மூன்று நாள் கழித்து வெட்டினால் உள்ளே பிசின்! மெல்லிசாக அடித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, அடுத்த அடுக்குக்குப் போகணும். கையுறை போடாமல் செய்து, ஒரு வாரம் கறுப்புக் கையோடு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினேன்.

ஒரு சந்தேகம். ஈயக்குட்டை, அதான் வெள்ளீயம் தோண்டிய பழைய சுரங்கக் குட்டை, அதன் ஓரத்தில் நல்ல நல்ல கல்லாகக் கிடக்கிறது. ஃபோமில் பதிக்கலாமா?

*

வேண்டாம் தம்பி. சுரங்கக் கல்லில் என்ன உலோகம் இருக்கும் என்று யார் கண்டது? செம்பு துளி இருந்தாலும் இறாலும் பவளமும் தாங்காது. செத்த பவளப்பாறைத் துண்டு கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும், அதையே வாங்கிப் பதி. பம்பு வைக்கிற மூலையில் மட்டும் கை நுழையும் அளவுக்குப் பொந்து விடு. நான் விடவில்லை. பம்பைக் கழுவும்போதெல்லாம் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.