கடல் மீனுக்கு எந்தத் தூண்டில் ரீல் நல்லது?

ஹட்டன் தம்பி: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடிக்கும் 2500 அளவு ரீல் என்னிடம் இருக்கிறது. சித்திரை விடுமுறையில் திருகோணமலைக் கரையில் பாரை மீனுக்கு வீச ஆசை. இதுவே போதுமா, அண்ணாமாரே?

தலவாக்கலை அண்ணன்: வேண்டாம் தம்பி. பாரை கொத்தியதுமே கல்லிடுக்குக்குப் பாயும்; டிராக் (நூல் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் ரீல் பிரேக்) வழுக்காமல் பிடிக்க வேண்டும். 5000 அல்லது 6000 அளவு எடுங்கள். பெயரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், உப்புநீர் புகாத சீல்தான் முக்கியம். பென் ஸ்பின்ஃபிஷர் 6 ரீல் ஐபிஎக்ஸ்5 என்ற நீர்த்தடுப்புத் தரத்தில் அடைக்கப்பட்டது, உடம்பும் உலோகம். என் தெரிவு அதுதான்.

பண்டாரவளை: கடலில் வீசி முடிந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு ரீலில் நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். வேகமாகப் பீச்சினால் உப்பு உள்ளே போகும். காய்ந்ததும் தளர்த்தி வையுங்கள்.

ஹட்டன் தம்பி: சரி, அப்புறம் நூல்?

தலவாக்கலை அண்ணன்: 30 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல். நுனியில் தடித்த தங்கூசி (ஒற்றை நைலான் இழை) கட்டுங்கள், பின்னல் நூல் கல்லில் உரசினால் சட்டென்று அறும்.